மீன்கொத்தி நிறத்தில் ஒரு கிட்டார்: எலெக்ட்ரிக் கிட்டார் கிட் ஒன்றின் விமர்சனம்

நாமே சேர்த்துக் கட்டிக்கொள்ளப் பாகங்களாகப் பெட்டியில் வருகிற கிட்டாரைத்தான் கிட் என்கிறேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெக், அதாவது விரல் வைத்து அழுத்துகிற நீளக் கழுத்து, அருமை. பாடிக்கு, அதாவது கிட்டாரின் உடலுக்கு, போட்டிருக்கும் மரம் நல்ல மரம். வயரிங் சாமான்கள் சுமார். கம்பிகள் பாடியில் வந்து உட்காரும் பிரிட்ஜுக்காகப் போட்டு அனுப்பிய துளைகள் தப்பு. இவ்வளவு இருந்தும் இந்தக் கிட்டை வாங்கியதில் எனக்குச் சந்தோஷம்தான், இன்னொன்றும் கட்டப்போகிறேன். ஆனால் அந்தத் துளைகளைப் பெயின்ட் அடித்த பிறகு கவனித்திருந்தால், அழுதிருப்பேன். முக்கியமாக அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பன்னிரண்டு வருஷமாக அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறேன். எலெக்ட்ரிக் வாங்கலாம் என்று முடிவு செய்தபோது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றை எடுத்துக்கொண்டு வர மனம் ஒப்பவில்லை. அப்புறம் நிறம். நான் மனதில் வைத்திருந்த நிறத்தில் யாரும் கிட்டார் செய்வதில்லை. வெண்மார்பு மீன்கொத்தியைப் பார்த்திருப்பீர்கள். முதுகும் இறக்கையும் பளீரென்ற நீலம், தலையும் வயிறும் அடர்ந்த செம்பழுப்பு, மார்பு வெள்ளை, அலகு சிவப்பு. இந்த நான்கும் ஒரு கிட்டாரில் எங்கெங்கே உட்காரும் என்று நோட்டில் வரைந்து வரைந்து பார்த்தேன். முன்பக்கம் நீலம். பின்பக்கமும் ஓரங்களும் மர இழை தெரிகிற செம்பழுப்பு. பாடியைக் கீறலிலிருந்து காக்கிற தகடான பிக்கார்டு வெள்ளை. ஸ்விட்சின் முனை மட்டும் சிவப்பு. இதற்கு வெறும் மரமாக ஒரு கிட் வாங்கினால்தான் முடியும்.

வாங்கியது டெலிகாஸ்டர் வடிவம். முதல்முறை கட்டுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1950-இல் இந்த வடிவத்தைக் கொண்டுவந்தபோதே, நெக்கை ஒட்டாமல் நான்கு ஸ்க்ரூவால் பாடியோடு முடுக்குகிற மாதிரிதான் யோசித்தார். தனித்தனியாகச் செய்து சேர்க்கலாம், கெட்டால் கழற்றி வேறு நெக் போடலாம். பாகங்களாக வாங்கிக் கட்டுவது இந்தக் கிட்டாரின் பிறவிக் குணம். பிரபல கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் பல வருஷம் மேடையில் வாசித்த கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர்கூட மூன்று பழைய கிட்டார்களின் நல்ல பாகங்களைச் சேர்த்துக் கட்டியதுதான். ராக் கலைஞர் எட்டி வான் ஹேலன் கழிவாக ஒதுக்கப்பட்ட பாடியையும் நெக்கையும் வாங்கி, டேப் ஒட்டி ஒட்டி சைக்கிள் பெயின்ட் அடித்தார். குயின் இசைக்குழுவின் பிரையன் மே தன் அப்பாவோடு சேர்ந்து பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மரத்தில் நெக் செதுக்கினார், மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங்கை உள்ளே வைத்தார். அந்தக் கிட்டாரைத்தான் இன்றும் வாசிக்கிறார். “கிட்டில் கட்டியதா?” என்று இழுக்கிறவர்களிடம் நான் இந்த மூவரையும் சொல்லிவிடுவேன்.

பெட்டியில் வந்தவை: ஆஷ் மரத்தில் மூன்று துண்டு ஒட்டிச் செய்த பாடி, 21 ஃப்ரெட் (குறுக்கே பதித்த உலோகப் பட்டிகள்) போட்ட மேப்பிள் நெக், பிரிட்ஜ், சுருதி சேர்க்கத் திருகும் ட்யூனர்கள், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் ஒற்றைச் சுருள் (சிங்கிள் காயில்) பிக்கப் இரண்டு, மூன்று நிலை ஸ்விட்ச், வால்யூம், டோன், வெள்ளை பிக்கார்டு, ஒரு பை நிறைய ஸ்க்ரூ, ஒரு செட் கம்பி. விளக்கத் தாள் ஒன்று இருந்தது. அதில் முதல் படியே “பாடிக்கு விருப்பமான நிறம் பூசவும்” என்று போட்டிருந்தார்கள். இந்த ஒரு வரிக்காகவே அந்தக் கம்பெனிக்கு மதிப்பெண் குறைக்கிறேன்.

பக்கத்து வீட்டு அண்ணா கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். பாடியைக் கொண்டுபோய்க் காட்டினேன். தட்டிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். “பெயின்ட்டெல்லாம் அப்புறம்மா. முதல்ல எல்லாத்தையும் மாட்டி, கம்பி கட்டி, வாசிச்சுட்டு வா. கதவு பொருந்துதான்னு பார்க்காம நாங்க வண்டிக்குக் கலர் அடிக்க மாட்டோம்” என்றார். அவர் கிட்டாரைத் தொட்டதே அன்றுதான் முதல் தடவை.

அவர் சொன்னபடி வெறும் மரத்திலேயே எல்லாவற்றையும் மாட்டினேன். நெக் உட்கார்கிற குழி கச்சிதம். ஸ்க்ரூ போடாமலே நெக் தானாக நின்றது. நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் நட்டிலிருந்து, கம்பியின் பாதித் தூரமான பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை அளந்தேன், 324 மில்லிமீட்டர். அதை இரண்டால் பெருக்கினால் 648, அதாவது 25.5 அங்குலம். பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சாடில்களும் அந்தத் தூரத்துக்கு வந்தன. சரி, எல்லாம் பொருந்துகிறது என்று நினைத்தேன்.

அப்புறம் இரண்டு தையல் நூலை எடுத்து, நட்டின் இரு ஓரக் குழிகளிலிருந்து பிரிட்ஜின் இரு ஓர சாடில்களுக்கு இழுத்துக் கட்டினேன். தடித்த கம்பி பக்கம் ஃப்ரெட் பலகையில் நிறைய இடம். மெல்லிய கம்பி பக்கம் நூல் கிட்டத்தட்ட விளிம்பிலேயே ஓடியது. பிரிட்ஜுக்கான நான்கு துளைகளும் மையக் கோட்டிலிருந்து 3 மில்லிமீட்டர் தள்ளிப் போட்டிருந்தார்கள். அப்படியே விட்டால், விரலைக் கொஞ்சம் கீழே இழுத்தாலும் மெல்லிய ஈ கம்பி பலகையை விட்டு வழுக்கி விழும். நெக் குழி தளர்வாக இருந்தால் நெக்கைக் கொஞ்சம் சாய்த்துச் சமாளிக்கலாம். இங்கே குழி இறுக்கம், அதனால் வேறு வழியில்லை.

நான்கு துளைகளையும் 6 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கி, வலுவான மரக் குச்சியில் பசை தடவி அடித்து இறக்கி, ஒரு நாள் காயவிட்டு, மட்டமாக வெட்டித் தேய்த்தேன். நூல்கள் இரண்டும் சரியாக நிற்கிற இடத்தில் பிரிட்ஜை வைத்துப் புதிதாகக் குறி போட்டுத் துளைத்தேன். பிரிட்ஜ் நகர்ந்ததால் அதோடு தொங்குகிற பிக்கப் குழியின் சுவரில் உரசியது. அந்தச் சுவரையும் உளியால் கொஞ்சம் செதுக்க வேண்டியிருந்தது. ஒரு சனி, ஞாயிறு முழுவதும் இதற்கே போனது. இந்த நான்கு அடைப்புகளும் இப்போது பிரிட்ஜ் தகட்டுக்கும் நீலப் பெயின்ட்டுக்கும் அடியில் இருக்கின்றன, யாருக்கும் தெரியாது. பெயின்ட்டுக்கு அப்புறம் இதே வேலை செய்திருந்தால் நீலத்தின் நடுவே உளி இறங்கியிருக்கும்.

இந்த ஒத்திகைக்கு இன்னொரு பலனும் உண்டு. கம்பி கட்டி, ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) செருகி, ஒரே பாட்டைப் பதிவு செய்து வைத்துக்கொண்டேன். பெயின்ட் எல்லாம் முடிந்த பிறகு அதே கம்பி வகை, அதே ஆம்ப், அதே அளவுகளில் மறுபடி பதிவு செய்தேன். பெயின்ட் ஒலியைக் கொல்லும் என்கிறவர்கள் உண்டு. என் காதுக்கு இரண்டு பதிவுகளையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நெக்கைப் பற்றி நிறைவாகச் சொல்ல வேண்டும். நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் கோலான ட்ரஸ் ராட் இரு பக்கமும் மென்மையாகத் திரும்புகிறது. சிறிய நேர்க்கோலை மூன்று மூன்று ஃப்ரெட்டாக வைத்து ஆட்டிப் பார்த்ததில், பதினான்காவது ஒன்றுதான் தூக்கலாக இருந்தது. அதை மட்டும் அரம் வைத்து இறக்கி, தலையை மறுபடி வட்டமாக்கினேன். ஃப்ரெட்டுகளின் ஓரங்கள் கையைக் கீறின. மரம் காய்ந்து சுருங்கும்போது உலோகம் சுருங்காமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதால் வருகிற விஷயம் இது. மெல்லிய அரத்தால் ஒரு மாலை வேலை. தலைப் பகுதியைச் சதுரப் பலகையாகவே விட்டிருக்கிறார்கள். ஃபெண்டரின் தலை வடிவம் பதிவு செய்யப்பட்ட வணிக அடையாளம் என்பதால் பல கிட்டுகள் இப்படித்தான் வரும். எனக்கு அது வசதியாகப் போயிற்று. நுனியை மீன்கொத்தியின் அலகுபோல் நீளமாக, கூராக வரைந்து, வளைவு அறுக்கும் சிறு ரம்பத்தால் வெட்டினேன்.

நெக்கின் பின்புறத்துக்கு எண்ணெய் மட்டுமே போதும் என்று முடிவு செய்தேன். மெல்லிசாக ஐந்து பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள். கையில் ஒட்டாமல் மரமாகவே இருக்கிறது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் போன்றவை காயும்போது சூடு உண்டாகும், கசக்கிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டுவிட்டுத்தான் எறிய வேண்டும்.

இனி பெயின்ட். நோட்டில் மணிக்கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். மொத்தம் 61 மணி நேரம். அதில் தேய்த்தது மட்டும் 23. பெயின்ட் அடித்தது 9. பாலிஷ் 8. மாட்டியது, துளைத்தது, திருத்தியது 12. வயரிங் 5. கடைசி செட்டப் 4. காயக் காத்திருந்த நாட்களையும் சேர்த்தால் பதினோரு வாரம். கிட்டார் கட்டுவது என்றால் திருப்புளியும் வயரும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் இந்த 23-ஐ ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும்.

பாடியை 150 உப்புத்தாளில் ஆரம்பித்து 220, 320 என்று இழை ஓடும் திசையிலேயே தேய்த்தேன். குறுக்கே தேய்த்த கோடு வெறும் மரத்தில் தெரியாது, சாயம் பட்டதும் பளிச்சென்று தெரியும். மூன்று துண்டு ஒட்டிய இடங்களில் தொழிற்சாலைப் பசை கசிந்து காய்ந்திருந்தது. இதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஈரத் துணியால் துடைத்தபோது, மற்ற இடமெல்லாம் கருக்க, பின்பக்கத்தில் விரல் அகலத்துக்கு இரண்டு இடம் மட்டும் வெளிறி நின்றது. பசை குடித்த மரம் சாயத்தைக் குடிக்காது. அந்த இடங்களைச் சுரண்டித் தேய்த்து எடுக்காமல் விட்டிருந்தால் என் செம்பழுப்பில் இரண்டு வெள்ளைத் தழும்பு விழுந்திருக்கும். துடைத்துப் பார்க்க ஒரு நிமிஷம் போதும், கட்டாயம் செய்யுங்கள். ஈரம் பட்டதும் இழைகள் எழும்பி நிற்கும். காய்ந்த பிறகு 320-இல் லேசாக ஓட்டினால், சாயம் போடும்போது மறுபடி எழும்பாது.

ஆஷ் மரத்தின் இழையில் இயற்கையாகவே இருக்கும் நுண்துளைகள் பெரிது. அப்படியே பெயின்ட் அடித்தால் பளபளப்புக்கு நடுவே ஊசி குத்தினாற்போல் பள்ளங்கள் தெரியும். அதனால் துளை அடைக்கும் பசையை இழைக்குக் குறுக்காகத் தேய்த்து நிரப்பினேன். முன்பக்கத்துக்கு இரண்டு முறை. பின்பக்கத்துக்குக் கறுப்பு கலந்த பசை ஒரு முறை, மேலே செம்பழுப்புச் சாயம். இழைகள் கறுப்பாகவும் நடுவே பழுப்பாகவும் வந்தபோது கிட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். வேறு மரத்தில் இந்த அழகு வராது. இந்த ஒரு காரணத்துக்காகவே, ஆஷ் பாடி கொடுத்த கம்பெனியை மனதாரப் பாராட்டுகிறேன். முழுக்க ஒரே நிறம் அடிக்கப் போகிறவர்கள் ஆல்டர், பாஸ்வுட் மாதிரி இழை நெருங்கிய மரமாகப் பார்த்து வாங்கினால் துளை அடைக்கிற வேலை மிச்சம்.

நீலத்துக்கு மட்டும் ஆறு மரத் துண்டுகளில் சோதனை செய்தேன். சாம்பல் நிறப் பிரைமர் (அடிப்பூச்சு) மேல் அந்த நீலம் சோர்ந்து போனது. வெள்ளைப் பிரைமர் மேல் அதே கேன், அதே மூன்று பூச்சு, பறவையின் நீலம். அடியில் இருக்கிற நிறம் மேலே வரைக்கும் வரும். இன்னொரு துண்டில் எனாமல் நீலத்தின் மேல் லாக்கர் வகை க்ளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) அடித்தேன், பத்து நிமிஷத்தில் சுருங்கிய தோல் மாதிரி மடிந்தது. லாக்கரின் கரைப்பான் அடியில் இருக்கும் எனாமலைத் தின்றுவிடுகிறது. நல்லவேளை, அது மரத்துண்டு. கடைசியில் பிரைமர், நீலம், க்ளியர் மூன்றையும் ஒரே லாக்கர் குடும்பத்தில் எடுத்தேன்.

நெக் குழியில் ஒரு கட்டையை ஸ்க்ரூ போட்டு மாட்டினேன். அதுதான் பிடி. குழிக்குள் பெயின்ட் போகாமல் இருக்கவும் அதுவே மூடி. குழிக்குள் பெயின்ட் ஏறினால் அவ்வளவு கச்சிதமாக இருந்த நெக் உள்ளே இறங்காது. கேனை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, பாடிக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, மறுபக்கம் வெளியே போன பிறகு விட வேண்டும். ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். முதல் பூச்சில் மரம் முழுதாக மூடவே கூடாது. மூட வேண்டும் என்று ஆசைப்பட்டால் வழியும். வெளியில் நின்று, கரைப்பான் ஆவியைத் தடுக்கிற கார்ட்ரிட்ஜ் உள்ள முகமூடி போட்டு அடித்தேன். சாதாரணத் துணி முகமூடி இதற்கு உதவாது. இரண்டு பாகம் கலந்து அடிக்கிற கார் க்ளியரில் ஐசோசயனேட் இருக்கும், நுரையீரலுக்கு ஆபத்தானது. அண்ணா தன் பட்டறையில் அதைப் போட்டுத் தருவதாகச் சொன்னார். நானே என் கையால் அடிக்க வேண்டும் என்பதால் லாக்கரிலேயே நின்றேன்.

நீலமும் பழுப்பும் சந்திக்கிற கோடுதான் இந்தக் கிட்டாரின் முகம். அங்கே அண்ணா சொல்லிக்கொடுத்த ஒரு வித்தையை எல்லாருக்கும் சொல்ல வேண்டும். பழுப்பின் மேல் க்ளியர் அடித்துக் காயவைத்து, அதன் மேல் மெல்லிய டேப் ஒட்டினேன். நீலத்துக்கு முன்னால், டேப்பின் விளிம்பில் மறுபடி ஒரு க்ளியர் பூச்சு. டேப்புக்கு அடியில் கசிவது எதுவானாலும் முதலில் கசிவது நிறமில்லாத க்ளியர். டேப்பின் இடுக்கை அது அடைத்துவிடுவதால் பின்னால் வருகிற வெள்ளையும் நீலமும் உள்ளே போக முடியாது. டேப்பை உரித்தபோது கோடு பிளேடால் வெட்டினாற்போல் இருந்தது.

க்ளியர் ஒரு நாளைக்கு மூன்று என்று மூன்று நாளில் ஒன்பது பூச்சு. இரண்டாம் நாள் காற்றில் ஈரம் அதிகம், நான் பொறுமை இழந்து அடித்தேன். பூச்சு பால் ஊற்றினாற்போல் வெளுத்துவிட்டது. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிகிறது. நெஞ்சு பதறியது. வெயில் வந்த பிறகு மெல்லிசாக இன்னொரு பூச்சு அடித்ததும் அந்த வெளுப்பு கரைந்து மறைந்தது. அப்புறம் நான்கு வாரம் தொடவில்லை. மூக்கை வைத்துப் பார்க்க வேண்டும். கரைப்பான் வாசனை வருகிறதென்றால் இன்னும் காயவில்லை.

நான்கு வாரம் கழித்து ஈர உப்புத்தாள்: 1000, 1500, 2000. ஸ்க்ரூ துளைகளை மெழுகால் அடைத்துக்கொண்டேன், தண்ணீர் உள்ளே போனால் மரம் ஊதிப் பெயின்ட்டைத் தூக்கிவிடும். இவ்வளவு கவனமாக இருந்தும் கீழ்க் கொம்பின் விளிம்பில் ஒரு இடத்தில் க்ளியரைத் தாண்டி நீலத்தையும் தாண்டி வெள்ளை வரைக்கும் தேய்த்துவிட்டேன். விளிம்பில் பெயின்ட் எப்போதும் மெல்லிசாகத்தான் நிற்கும், உப்புத்தாளின் அழுத்தம் அங்கேதான் அதிகம் விழும். அந்த இடத்துக்கு மறுபடி நீலம், க்ளியர், மறுபடி இரண்டு வாரம். இப்போது தேடிப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. பாலிஷ் பேஸ்ட் போட்டுத் துணியால் சுற்றிச் சுற்றித் தேய்த்து, ஜன்னல் சட்டம் நேர்க்கோடாக அதில் தெரிந்த அன்றைக்கு வேலை நிறுத்தினேன்.

சாமான்களை மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஸ்க்ரூக்கள். கிட்டில் வந்தவை மென்மையான உலோகம். மேப்பிள் கடினமான மரம். ட்யூனரின் குட்டி ஸ்க்ரூ ஒன்று பாதியில் முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது. மீதிக்கெல்லாம் துளையைச் சற்றே பெரிதாக்கி, ஸ்க்ரூவில் சோப்பு தடவி முடுக்கினேன், சிக்கலே இல்லை. ட்யூனர்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாக நிற்கின்றன.

வயரிங்குக்கு வருவோம். பிக்கப்கள் செராமிக் காந்த வகை. வால்யூம், டோன் இரண்டும் 250 கிலோ ஓம். சிங்கிள் காயிலுக்கு அதுதான் வழக்கமான அளவு, அதில் குறை இல்லை. ஆனால் சின்ன உருவம், திருப்பினால் கரகரவென்று சத்தம். இரண்டையும் எடுத்துவிட்டுப் பெரிய வகை போட்டேன். அவற்றின் கழுத்து தடிமன் அதிகம் என்பதால் உலோகத் தகட்டின் துளைகளை அரத்தால் அகலப்படுத்த வேண்டியிருந்தது. இதைவிடப் பெரிய குறை, பிரிட்ஜுக்குப் போக வேண்டிய எர்த் வயரே கிட்டில் இல்லை. விளக்கத் தாளிலும் அந்தப் பேச்சே இல்லை. ஒத்திகையின்போது ஆம்ப்பில் ‘ம்ம்ம்’ என்று ஒரே இரைச்சல். கம்பியைத் தொட்டால் குறைய வேண்டும், குறையவில்லை. ஜாக்கின் உலோகத்தைத் தொட்டபோது குறைந்தது. அப்போதுதான் கம்பிகளுக்கும் பிரிட்ஜுக்கும் எர்த் போகவில்லை என்று புரிந்தது. பிரிட்ஜ் தகட்டின் அடியிலிருந்து வால்யூமின் முதுகுக்கு ஒரு வயர் இழுத்துப் பற்றவைத்தேன், இரைச்சல் அடங்கியது. முதல் தடவை சால்டரிங் பிடிக்கிறவர்கள் வால்யூமின் முதுகைக் கொஞ்சம் உரசிவிட்டு, நன்றாகச் சூடேற்றிவிட்டு ஈயத்தை வையுங்கள். சூடேறாத தகட்டில் ஈயம் உருண்டையாக நிற்கும், பிடிக்காது.

ஸ்விட்சை நடுவில் வைத்தால் இரண்டு பிக்கப்பும் சேர்ந்து பேச வேண்டும். எனக்கோ மூக்கடைத்த குரல் மாதிரி மெலிந்து வந்தது. இரண்டும் எதிரெதிர் திசையில் வேலை செய்து ஒன்றையொன்று அழிக்கின்றன என்று அர்த்தம். ஒரு பிக்கப்பின் இரு வயரையும் மாற்றிப் பற்றவைத்தால் போதும். நெக் பிக்கப்பின் உலோக மூடி அதன் எர்த் வயரோடு சேர்ந்திருப்பதால் அதைத் தொடாமல், பிரிட்ஜ் பிக்கப்பின் வயர்களை மாற்றினேன். குரல் வந்துவிட்டது, என்ன ஒரு குரல்! இந்தக் கிட்டாரில் நான் அதிகம் வாசிப்பது அந்த நடு நிலையில்தான்.

செட்டப் விவரம் சுருக்கமாக. கிட்டோடு வந்த கம்பி துருப்பிடித்தாற்போல் இருந்தது, எறிந்துவிட்டு 10-46 தடிமன் செட் போட்டேன். ட்ரஸ் ராட்டை நெக்கில் கால் மில்லிமீட்டர் வளைவு இருக்கும்படி வைத்தேன். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்கு அடியில் 1.6 மில்லிமீட்டர், மெல்லியதற்கு 1.3. பிளாஸ்டிக் நட்டின் குழிகள் ஆழம் போதாமல், முதல் ஃப்ரெட்டில் பிடிக்கிற கார்டெல்லாம் சுருதி ஏறி ஒலித்தது. எலும்பு நட் ஒன்று வாங்கிக் குழி வெட்டிப் போட்டேன். வாங்கிய உதிரிகளில் விரல் உடனே உணர்ந்தது இதைத்தான். அப்புறம் ஒவ்வொரு கம்பியாக, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) அழுத்திய ஸ்வரத்தையும் சுருதி காட்டும் கருவியில் ஒப்பிட்டு, அழுத்தியது ஏறியிருந்தால் சாடிலைப் பின்னுக்குத் தள்ளினேன்.

ஐந்து மாதமாக வாசிக்கிறேன். நெக் நகரவில்லை, சுருதி நிற்கிறது. பிரிட்ஜ் பிக்கப் கூர்மையானது, தாளம் அடிக்க அவ்வளவு சுகம். நெக் பிக்கப் உருண்டையாக, கொஞ்சம் மந்தமாக இருக்கும், இரவில் தனியாக வாசிக்கப் பிடிக்கிறது. ஒலியை முரடாக்கும் டிஸ்டார்ஷனை ஏற்றினால் பிரிட்ஜ் பிக்கப் கிறீச்சிடுகிறது. உள்ளே சுற்றுகள் மெழுகில் தோய்க்கப்படாததால் வருகிறது இது. கனமான ராக் வாசிப்பவர்கள் பிக்கப் மாற்றும் செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

துளை விஷயத்தைப் படத்தோடு எழுதி அனுப்பினேன். கம்பெனி மன்னிப்புக் கேட்டு வேறு பாடி அனுப்புவதாகப் பதில் போட்டது. அதற்குள் நான் அடைத்துத் துளைத்து முடித்திருந்தேன், என் மரத்தைக் கொடுக்கவும் மனமில்லை. வேண்டாம் என்று எழுதிவிட்டேன். பதில் மரியாதையாகவும் வேகமாகவும் வந்தது என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

அடுத்ததற்கு அவர்களிடமே நெக்கும் பாடியும் மட்டும் தனியாக வாங்கப்போகிறேன், பிரிட்ஜ் துளை போடாத பாடி கேட்டிருக்கிறேன், தருகிறார்கள். வயரிங் சாமான் முழுக்க வெளியில். நிறம் இன்னும் முடிவாகவில்லை. தம்பி மாங்குயில் என்கிறான். கறுப்பும் மஞ்சளும் என்றால் டேப் கோடு இதைவிட நீளமாக வரும், அதற்குத் தனியாக இரண்டு மரத்துண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.